ஒரு வேலை, ஒரு கருவி: இலவச மென்பொருள்களோடு தொடங்குபவர்களுக்கு

"படம் எடிட் பண்ண நல்ல இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "எந்தப் படம்?" என்றுதான். போட்டோவை வெட்டிச் சின்னதாக்க வேண்டுமா, லோகோ வரைய வேண்டுமா, கதைக்குச் சித்திரம் தீட்ட வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு கருவிகள். இதைக் கேட்காமல் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால், பத்தையும் இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு தடவை திறந்து பார்த்து, பொத்தான்களின் கூட்டத்தைக் கண்டு மிரண்டு மூடிவிடுவார்கள். "எனக்கு இதெல்லாம் வராது" என்றும் முடிவு கட்டிவிடுவார்கள். அதைக் கேட்கத்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதனால் முதல் படி கணினியில் இல்லை, ஒரு தாளில் இருக்கிறது. இந்த வாரம் நீங்கள் முடிக்க வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். "வீடியோ எடிட்டிங் கற்க வேண்டும்" என்பது வேலை அல்ல. "பாட்டி சொன்ன கதையின் பதிவில் இருக்கும் மின்விசிறி இரைச்சலைக் குறைக்க வேண்டும்" என்பது வேலை. இப்படி எழுதிவிட்டால் எந்தக் கருவி வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். அந்தக் கருவியில் எதையெல்லாம் இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதும் தெரியும்.

எது இலவசம்?

காசு வாங்காத எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில, 30 நாள் ஓடிவிட்டு நின்றுவிடும். சில, நீங்கள் செய்த வீடியோவின் மூலையில் தன் பெயரைப் பொறித்துவிடும். சில, உங்கள் கோப்பை இணையத்தில் தன்னிடமே வைத்துக்கொண்டு, நல்ல தரத்தில் இறக்கப் பணம் கேட்கும். இவற்றுக்கு அப்பால் கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வகை இருக்கிறது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளையும் அதன் உரிமமே தந்துவிடுகிறது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து இந்த வழி வளர்ந்து வந்திருக்கிறது.

புதியவருக்கு இதனால் என்ன லாபம்? முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரின் கதையைக் கேளுங்கள். அதை நடத்திய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. மென்பொருளும் அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் பயனர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து நிரலை மீட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. இன்றும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகும் ஒரு கருவி நாளைக்கும் இருக்குமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் கருவிகள் எல்லாமே இந்த வகைதான்.

இறக்கும்போது

தேடுபொறியில் பெயரைத் தட்டியதும் மேலே வரும் முதல் முடிவைச் சொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் விளம்பரம். இணையதளம் அசல் மாதிரியே இருக்கும், ஆனால் முகவரியில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். இறங்கி வருவது வேறு ஏதோ. போட்டோ திருத்தும் கிம்ப் வேண்டுமென்றால் கிம்ப் டாட் ஆர்க் (gimp.org), லோகோ வரையும் இங்க்ஸ்கேப் என்றால் இங்க்ஸ்கேப் டாட் ஆர்க் (inkscape.org), சித்திரம் தீட்டும் கிரிட்டா என்றால் கிரிட்டா டாட் ஆர்க் (krita.org), கடிதமும் கணக்கும் எழுதும் லிப்ரெஆபிஸ் என்றால் லிப்ரெஆபிஸ் டாட் ஆர்க் (libreoffice.org). முகவரிப் பட்டையில் நீங்களே ஆங்கிலத்தில் தட்டிப் போவது நல்லது. பக்கத்துக்குப் போன பிறகும், பளபளவென்று மின்னும் பெரிய "டவுன்லோட்" பொத்தான் எதுவாவது கண்ணில் பட்டால் சற்று நின்று முகவரியை மறுபடி பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரிட்டாவும் லிப்ரெஆபிஸும் சில ஆப் ஸ்டோர்களில் விலைக்கு இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தப் பணம் உருவாக்குபவர்களுக்கான ஆதரவு. அதே மென்பொருள் அவர்களுடைய தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

சேமிப்பது வேறு, ஏற்றுமதி செய்வது வேறு

இந்த ஒரு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கிம்ப்பில் ஒரு படத்தைத் திருத்திவிட்டு கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால், ஜேபெக் ஆகச் சேமிக்க மறுத்துவிடும். எக்ஸ்சிஎஃப் என்ற தன்னுடைய வடிவத்தில்தான் சேமிக்கும். "இதில் ஜேபெக்கே வராது போல" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வரும். ஃபைல் மெனுவில் "எக்ஸ்போர்ட் ஆஸ்" என்று தனியாக இருக்கிறது.

ஏன் இரண்டு? எக்ஸ்சிஎஃப் கோப்பில் உங்கள் வேலை முழுதும், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போல, லேயர் லேயராக அப்படியே இருக்கிறது. எழுத்து ஒரு லேயர், பின்னணி ஒரு லேயர், நிழல் ஒரு லேயர். ஜேபெக்கில் எல்லாம் ஒன்றாக உருகி ஒட்டிவிடும். அதற்குப் பிறகு எழுத்தை மட்டும் திருத்த முடியாது. மாவையும் சுட்ட ரொட்டியையும் போல. சுட்டதைப் பரிமாறலாம், மறுபடி பிசைய முடியாது.

எல்லாக் கருவியிலும் இதே ஏற்பாடுதான். இங்க்ஸ்கேப்பில் எஸ்விஜி கோப்புதான் மூலம், அதாவது திருத்தக்கூடிய அசல்; பிஎன்ஜி அதன் நகல். ஒலி திருத்தும் ஆடாசிட்டியில் ஏயுபி3 கோப்பு மூலம், எம்பி3 நகல். லிப்ரெஆபிஸில் ஓடிடி (odt) கோப்பு மூலம், பிடிஎஃப் நகல். வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு கோப்புறை திறந்து, அதற்குள் "மூலம்", "அனுப்ப" என்று இரண்டு கோப்புறைகள் வைத்துக்கொள்ளுங்கள். எதை அனுப்பினாலும் மூலத்தை அழிக்காதீர்கள்.

புதிதாக எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதல் அரைமணியில் நான் தேடிப் பிடிப்பவை நான்குதான்: செய்ததை எப்படித் திரும்பப் பெறுவது (அநேகமாக கண்ட்ரோல் + இசட்), எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது (பெரும்பாலும் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் போதும்), மூலத்தை எங்கே சேமிப்பது, நகலை எப்படி எடுப்பது. இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால் பயம் போய்விடும். மற்ற பொத்தான்கள் காத்திருக்கட்டும்.

ஒலியோடு தொடங்கலாம்

எதில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் ஆடாசிட்டியைத்தான் கையில் கொடுப்பேன். 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மென்பொருள் இது. ஒலி ஓர் அலையாகக் கண்ணெதிரே விரியும், வெட்டினால் வெட்டியது தெரியும், பத்து நிமிடத்தில் பலன் காதில் கேட்கும்.

பாட்டியின் பதிவையே எடுத்துக்கொள்வோம். கைபேசியில் பதிந்தது எம்4ஏ கோப்பாக இருக்கலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளை ஒருமுறை நிறுவ வேண்டும். எப்படி என்பது ஆடாசிட்டியின் தளத்திலேயே இருக்கிறது. திறந்ததும் முதலில் ஏயுபி3 ஆகச் சேமித்துவிடுங்கள். அப்புறம் இப்படிச் செய்யுங்கள்:

1. பேச்சே இல்லாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள். பாட்டி மூச்சு வாங்க நிறுத்திய ஒன்றிரண்டு வினாடி போதும். அதை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள்.
2. எஃபெக்ட் மெனுவில் "நாய்ஸ் ரிடக்‌ஷன்" திறந்து, "கெட் நாய்ஸ் புரொஃபைல்" அழுத்துங்கள். பெட்டி மூடிக்கொள்ளும். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். இரைச்சலின் அடையாளத்தை அது குறித்துக்கொண்டுவிட்டது.
3. கண்ட்ரோல் + ஏ அழுத்தி முழுப் பதிவையும் தேர்ந்தெடுங்கள். மறுபடி அதே எஃபெக்டைத் திறந்து, குறைப்பின் அளவை 6 முதல் 12 டெசிபலுக்குள் வைத்து, முதலில் "பிரிவியூ" கேளுங்கள்.
4. சரியாக இருந்தால் "ஓகே".

இங்கே ஆசைப்படக் கூடாது. 24 டெசிபல் வரை ஏற்றினால் இரைச்சல் முழுக்கப் போய்விடும்தான், ஆனால் கூடவே குரலும் தகரக் குழாய்க்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். லேசாக மின்விசிறி கேட்கும் பாட்டியின் குரல், சுத்தமாகத் துடைத்தெடுத்த இயந்திரக் குரலைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று, இந்த முறை ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான்: மின்விசிறி, குளிர்சாதனம், மின்சார ரீங்காரம். நடுவில் நாய் குரைத்ததையோ வண்டி ஹாரன் அடித்ததையோ இது எடுக்காது. அந்த இடங்களைக் கையால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

கடைசியில் "நார்மலைஸ்" எஃபெக்டை மைனஸ் 1 டெசிபலில் (இந்த அளவுகோலில் 0தான் உச்ச வரம்பு) போட்டால், ஒலி வெடிக்காமல் உச்ச அளவு மேலே வந்து நிற்கும். பிறகு எம்பி3 ஆக ஏற்றுமதி. புதிதாகப் பதிவு செய்வதாக இருந்தால், உரத்துப் பேசும்போது அளவுகோல் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையே நிற்கும்படி மைக்கை வையுங்கள். 0ஐத் தொட்டு வெடித்த ஒலியை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக மீட்க முடியாது.

எழுத்துக்கு லிப்ரெஆபிஸ்

ஓப்பன்ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்தது இது. கடிதம், கட்டுரை, கணக்கு, ஸ்லைடு எல்லாம் ஒரே தொகுப்பில் உண்டு. தமிழில் எழுதுபவர்கள் முதலில் ஒன்று செய்ய வேண்டும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்புகளில் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்ற பெட்டியில் டிக் போட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரெஆபிஸ் ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் எழுத்துக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியே கணக்கு வைத்திருக்கிறது. இந்த அமைப்பைப் போடாததால்தான் "ஃபாண்ட் மாத்தினேன், தமிழ் மட்டும் மாறவே இல்லை" என்ற குழப்பம் பலருக்கு வருகிறது.

அடுத்து, ஸ்டைல்கள். தலைப்பை எழுதித் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடிமனாக்கி, நிறம் கொடுத்து என்று ஒவ்வொரு தலைப்புக்கும் செய்யாதீர்கள். தலைப்பு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + 1 அழுத்துங்கள். உட்தலைப்புக்கு கண்ட்ரோல் + 2, சாதாரண பத்திக்கு கண்ட்ரோல் + 0. இப்போது "ஹெடிங் 1" ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றினால் ஐம்பது தலைப்பும் சேர்ந்து மாறும். எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் திறந்து எல்லாத் தலைப்பும் வரிசையாகத் தெரியும். அங்கேயே ஒரு தலைப்பை இழுத்து மேலே போட்டால் அதன் கீழுள்ள பகுதி முழுதும் கூடவே நகரும். பொருளடக்கத்தையும் இன்செர்ட் மெனுவிலிருந்து அதுவே போட்டுக்கொடுக்கும். நீளமாக எழுதுகிற எவருக்கும் இந்த ஒரு பழக்கம் நாள்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது ஓடிப் போய்ச் சொல்லத் தோன்றும்.

பிடிஎஃப் எடுக்கும்போது "ஹைப்ரிட் பிடிஎஃப்" என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப்புக்குள்ளேயே மூலக்கோப்பும் சேர்ந்து போகும். யாரும் அதைச் சாதாரண பிடிஎஃப் ஆகப் படிக்கலாம். நீங்கள் லிப்ரெஆபிஸில் திறந்தால் திருத்தவும் செய்யலாம்.

படத்துக்கு மூன்று கருவிகள்

போட்டோ இருக்கிறது, அதைச் சரி செய்ய வேண்டும் என்றால் கிம்ப். 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. வெட்ட ஷிஃப்ட் + சி. அளவைக் குறைக்க இமேஜ் மெனுவில் "ஸ்கேல் இமேஜ்". வெளிச்சம் மங்கிய படத்தைத் தெளிவாக்க கலர்ஸ் மெனுவில் "லெவல்ஸ்". தொடக்கத்துக்கு இந்த மூன்றும் தாராளம்.

லோகோ, போஸ்டர், பெயர்ப்பலகை என்றால் இங்க்ஸ்கேப். இது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகப் படத்தை வைத்திருக்கிறது, அதனால் விரல்நக அளவில் வரைந்ததைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள்: கோப்பின் நகல் ஒன்றில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுங்கள். எழுத்து வெறும் வடிவமாக மாறிவிடும். இல்லாவிட்டால் உங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வடிவமைப்பே குலைந்துவிடும். நகலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை கண்டால் தட்டித் திருத்த முடியாது.

கையால் வரைபவர்களுக்கு கிரிட்டா. பேனா டேப்லெட் இருந்தால் கூடுதல் சுகம், இல்லாவிட்டாலும் பழகலாம். கோடு நடுங்குகிறதா? தூரிகையின் டூல் ஆப்ஷன்ஸில் "ஸ்டெபிலைசர்" தேர்ந்தெடுத்தால் கை நடுக்கத்தை அது சமன் செய்யும். ஈ (E) விசையை அழுத்தினால் அதே தூரிகை அழிப்பானாக மாறும், மறுபடி அழுத்தினால் பழையபடி வரும்.

திரையும் வீடியோவும்

கணினித் திரையில் நடப்பதைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ. திறந்ததும் கறுப்பாக இருக்கும், ஏனென்றால் எதைக் காட்ட வேண்டும் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. "சோர்சஸ்" பெட்டியில் கூட்டல் குறியைத் தட்டி "டிஸ்ப்ளே கேப்சர்" சேருங்கள், திரை தெரியும். பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள்: பாதியில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது தப்பும், வழக்கமான எம்பி4 கோப்பு திறக்காமலே போகக்கூடும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் "ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்" மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

வெட்டி ஒட்ட ஷாட்கட் போதும். தேவையில்லாத இடம் தொடங்கும்போது எஸ் விசை, முடியும்போது மறுபடி எஸ், நடுத்துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் விசை. துண்டு போய், பின்னால் இருப்பது முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் வீடியோவுக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு முறை நான் எடிட்டிங் முடித்த கையோடு, வட்டில் இடம் போதவில்லை என்று அசல் வீடியோக்களை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டேன். மறுநாள் புராஜெக்டைத் திறந்தால் கோப்புகளைக் காணவில்லை என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. ஷாட்கட்டின் எம்எல்டி கோப்பில் வீடியோ இருக்காது. எந்த வீடியோ எங்கே இருக்கிறது, அதில் எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஒவ்வொன்றாகப் புதிய இடத்தைக் காட்டிக் காட்டி ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அதிலிருந்து முதல் வெட்டுக்கு முன்பே வீடியோ, இசை, படம் எல்லாவற்றையும் புராஜெக்ட் கோப்புறைக்குள் கொண்டுவந்து போட்டுவிடுகிறேன். நகர்த்த வேண்டுமென்றால் கோப்புறையையே மொத்தமாக நகர்த்துகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்றாடத்துக்குச் சில

குறிப்பெடுக்க ஜாப்ளின்: கணினியிலும் கைபேசியிலும் ஒரே குறிப்புகள், வேண்டுமானால் மற்றவர் படிக்க முடியாதபடி மறையாக்கத்தோடு. கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே பூட்டிய கோப்பில், உங்கள் கணினியிலேயே இருக்கும். அதன் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை, ஆகவே அதை மட்டும் தாளில் எழுதிப் பத்திரமான இடத்தில் வையுங்கள். எந்த வீடியோவையும் திறக்க விஎல்சி, சுருக்கிய கோப்புகளுக்கு 7-ஜிப், பெரிய வீடியோவின் அளவைக் குறைக்க ஹேண்ட்பிரேக், மின்னூல்களை அடுக்கி வைக்கக் காலிபர். இவற்றுக்குப் பாடம் தேவையில்லை, தேவைப்படும் அன்று நிறுவினால் போதும்.

மாட்டிக்கொண்டால்

மாட்டிக்கொள்வீர்கள், எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். அப்போது உதவி கேட்பதற்கு முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹெல்ப் மெனுவில் "அபவுட்" காட்டும் பதிப்பு எண், நீங்கள் வரிசையாகச் செய்தது, கடைசியில் திரையில் வந்த செய்தி அப்படியே எழுத்துக்கு எழுத்து. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கேட்டால் நல்ல மனம் படைத்தவராலும் உதவ முடியாது. பழைய பாடம் ஒன்றைப் பார்த்து அதில் சொல்லும் மெனு உங்கள் திரையில் இல்லை என்றால், பெரும்பாலும் தவறு உங்களுடையது இல்லை, பதிப்பு மாறியிருக்கும். பாடத்தின் தேதியைப் பாருங்கள். இவ்வளவையும் எழுதும்போதே பாதி நேரம் எங்கே பிசகினோம் என்பது நமக்கே பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால், எழுதியதை அப்படியே அனுப்புங்கள். பதில் சீக்கிரம் வரும்.